சங்கு ஊதாத ஊர்

உங்கள் கை வளையலை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். பாட்டி காலத்து நகையானால், அதில் ஒரு குந்துமணி எடையாவது கோலார் தங்கவயல் பொன்னாக இருக்கலாம்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து நிலமற்ற ஏழைகள், சாதிக் கொடுமைக்குத் தப்பினால் போதுமென்று, சட்டி பானையோடு வந்து சேர்ந்தார்கள். தட்டி வீடு, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் கம்பெனி தயவு. பெங்களூர் வீதிகளில் மின்சார விளக்கு எரிந்தது 1905-ல். தங்கவயலுக்கோ 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. முதலில் யந்திரங்களுக்குத்தான், மனிதர்களுக்கு அப்புறம்!

சர்க்கார் கைக்கு மாறிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டியும் பாறையில் பொன் சுருங்கிவிட்டது. எடுக்கும் செலவு விற்கும் விலையை மிஞ்சியது. அந்தக் கணக்கில் பிழை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் குடும்பக் கணக்கு என்று வேறொன்று இருக்கிறதே!

நம் தெருவில் ஒருவருக்கு வேலை போனால், அவர் சம்சாரம் பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்று வாங்கிச் சமாளிப்பாள். தங்கவயலிலோ மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. பக்கத்து வீட்டிலும் அதே காலி டப்பா. மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டை மூட வேண்டியதாயிற்று; தையற்காரருக்குத் தீபாவளித் துணி வரவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போகலாமென்றால், வீடே கம்பெனியுடையது.

மிஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகள். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி சோற்றுப் பானை வரை வந்து படியும். பெருக்கப் பெருக்க மாளாது. சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்டு இருமும் கணவன்மாருக்குப் பணிவிடை செய்ததும் இதே பெண்கள்தான்.

இளையவர்களுக்குப் பிழைப்பு பெங்களூரில். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மாரிக்குப்பத்தில் விடியுமுன் புறப்படும் ரயிலைப் பிடித்தால்தான் வேலைக்குப் போக முடியும். அப்பா காலத்தில் ஷிப்டுச் சங்கு கேட்டு அடுப்பு மூட்டிய அம்மா, இப்போது ரயில் நேரத்துக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுகிறாள். ஒன்றல்ல, மகளுக்கும் சேர்த்து இரண்டு.