மடிவதற்கும் ஓர் ஆணை

குழந்தைக்குத் தொண்டைப் புண்ணோ காய்ச்சலோ கண்டால் கழுத்தில் நெறி கட்டுவதைத் தாய்மார் நன்கு அறிவர். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அங்குள்ள நிணநீர்க் கணுக்களில் பல்கிப் பெருகுவதால் உண்டாகும் வீக்கமே அது. நோய் தணிந்த சில வாரங்களில் நெறியும் வடிந்துவிடுகிறது. அவ்வாறாயின், பெருகிய அணுக்கள் என்னவாயின? பெரும்பாலானவை மடிந்துவிட்டன என்பதே விடை.

இம்மடிவு தற்செயலானதன்று. அணுவின் மேலுறையில் பலவகைப் புரதங்கள் பதிந்துள்ளன. வெளியிலிருந்து வரும் செய்தியை ஏற்று உள்ளே சேர்ப்பது அவற்றுட் சிலவற்றின் பணி. இன்டர்லூக்கின்-7 என்னும் பொருளை ஏற்கும் புரதம், "பிழைத்திரு" என அறிவிக்கிறது. கிருமி ஒழிந்தபின், போரிட்ட அணுக்களுக்கு இத்தகைய ஊக்கம் குன்றுகிறது. பத்தில் ஒன்பது பங்கு மடிகின்றன. எஞ்சியவை அக்கிருமியை நினைவில் வைத்து, அது மீண்டும் வந்தால் விரைந்து எதிர்க்கின்றன.

"மடிந்துபோ" என நேராகவே ஆணையிடும் புரதமும் உண்டு. அதன் பெயர் ஃபாஸ். ஜப்பானிலுள்ள ஒசாகாவில் ஷிகெகாசு நகாட்டா குழுவினர் 1991இல் அதன் மரபணுவையும், 1993இல் அதனோடு இணையும் துணைப் புரதத்தின் மரபணுவையும் பிரித்தறிந்தனர். இவ்விரு புரதங்களும் பூட்டும் சாவியும்போல் பொருந்தியதும், அணுவினுள் உறங்கிக் கிடக்கும் காஸ்பேஸ் என்னும் நொதிகள் விழித்து, அணுவின் புரதங்களைத் துண்டிக்கின்றன. அணு சுருங்கிச் சிறு துணுக்குகளாகப் பிரிய, விழுங்கணுக்கள் அவற்றை உட்கொள்கின்றன. சீழோ அழற்சியோ உண்டாவதில்லை. இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு, 1972இல் இதற்கு 'அபோப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர்.

இவ்வாணை பயனற்றுப் போனால் நேர்வது யாது? ஃபாஸ் மரபணுவில் பிறவிக்குறை கொண்ட குழந்தைகளைப் பற்றி 1995இல் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். இக்குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் நெறி வடிவதில்லை; மண்ணீரல் பருக்கிறது. காக்க வேண்டிய ஆற்றலே சொந்தக் குருதியணுக்களை அழிப்பதால் சோகையும் இரத்தக்கசிவும் தோன்றுகின்றன. நிணநீர்ப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு மிகுகிறது. காரணம் தெளிவானதால், பெருகும் அணுக்களைச் சிரோலிமஸ் போன்ற மருந்துகளால் அடக்கி வைக்க இன்று இயலுகிறது.

இந்நோய் மிக அரிது; எனவே பெற்றோர் வீணே அஞ்ச வேண்டுவதில்லை. குழந்தைகளுக்குக் கட்டும் நெறி பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆயினும், சில வாரங்கள் கடந்தும் வடியாத நெறிக்குக் காசநோய் முதலிய காரணங்களும் இருக்கக்கூடும். பற்றுப்போட்டுக் காலம் கடத்தாமல், குழந்தையை மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.