உரிய காலத்தில் ஒரு விடை

மகிழுந்து ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்வோம். ஒரு நொடியில் அது 20 மீட்டரைக் கடக்கும். 10 மில்லி நொடியில் 20 சென்டிமீட்டர். அவ்வேகத்தில் நேருக்கு நேர் மோதல் நிகழுமாயின், காற்றுப்பையை விரிப்பதா வேண்டாவா என்பதை வண்டியிலுள்ள நுண்செயலி ஏறத்தாழ 15 முதல் 30 மில்லி நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். அடுத்த சில பத்து மில்லி நொடிகளில் வாயு நிரம்பிப் பை விரிந்து நிற்க வேண்டும். கண்ணிமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என அளந்தனர் நம் இலக்கண நூலார். அந்த ஒரு மாத்திரைக்குள் இவையனைத்தும் நடந்தேற வேண்டும். பை காலந்தாழ்த்தி விரிந்தால், அதற்குள் முன்னோக்கிச் சாய்ந்துவிட்ட பயணியின் முகத்தில் பேராற்றலுடன் மோதும். காக்க வந்ததே காயப்படுத்திவிடும். இங்குக் காலங்கடந்து வரும் விடை, கணக்கில் எவ்வளவு சரியாக இருப்பினும், பிழையான விடையே.

ஆகவே, இத்தகைய மென்பொருளை ஆக்குவோர் கால ஆய்வு என்னும் பணியை மேற்கொள்கின்றனர். ஒரு நிரல் எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பதன்று இவ்வாய்வின் கேள்வி. எந்நிலையிலும் எவ்வளவு நேரத்தைத் தாண்டாது என்பதே கேள்வி. அந்த எல்லையை மீப்பெரு இயக்க நேரம் எனலாம்.

நிரலைப் பலமுறை இயக்கி அளந்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. ஒரே கட்டளை எப்போதும் ஒரே நேரத்தை எடுத்துக்கொள்வதில்லை. வேண்டிய தரவு செயலிக்கு அருகிலுள்ள கேச் நினைவகத்தில் இருந்தால் உடனே கிட்டும். இல்லையேல் முதன்மை நினைவகம்வரை செல்ல நேரிடும். மேசைமேல் உள்ள நூலை எடுப்பதற்கும், நூலகம் சென்று எடுத்து வருவதற்கும் உள்ள வேறுபாடு இது. மேலும், ஒன்றன்பின் ஒன்றாக 20 இடங்களில் இவ்விரண்டு வழிகளாகப் பிரியும் நிரலில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட பாதைகள் உருவாகலாம். இலட்சம் முறை சோதித்தும் எட்டாத பாதை ஒன்று, மோதல் நிகழும் அந்நாளில் முதன்முறையாக எட்டப்படலாம்.

எனவே, நிரலை இயக்காமலே அதன் அமைப்பைப் படித்து, மிக நீண்ட பாதைக்கான நேரத்தைக் கணக்கிடும் முறையும் கையாளப்படுகிறது. இதற்கு ஒவ்வொரு மடக்கும் அதிகபட்சம் எத்தனை முறை சுழலும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மேல்வரம்பு இல்லாத மடக்கு இருந்தால் கணிப்பே கைகூடாது. ஐயம் எழுமிடமெல்லாம் மோசமான நிலையையே இம்முறை எடுத்துக்கொள்வதால், விடை உண்மையைவிடக் கூடுதலாகவே அமையும். அதற்கேற்ப விலைமிகுந்த செயலியை வாங்க நேரிடும். எனினும், கூடுதலாகக் கணித்தால் பணம் போகும். குறைவாகக் கணித்தால் உயிர் போகும்.

ஒரு செயலி பல பணிகளைச் சுமப்பதும் உண்டு. குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பணிக்கு முன்னுரிமை தருக என்னும் நெறியை 1973இல் லியூ, லேலண்ட் என்னும் இருவர் ஆராய்ந்தனர். ஒன்றையொன்று சாராத பணிகளாயின், செயலியின் சுமை ஏறத்தாழ 69 விழுக்காட்டிற்குள் இருக்கும்வரை எதுவும் காலம் தவறாது என நிறுவினர். பணிகள் ஒன்றையொன்று சார்ந்துவிட்டால் நிலைமை மாறும். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி அடிக்கடி தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒன்று பொது வளத்தைப் பற்றியிருக்க, இடைநிலைப் பணிகள் குறுக்கே புகுந்தன. முதன்மைப் பணியோ காத்துக் கிடந்து காலம் தவறியது. புவியிலிருந்து திருத்தம் அனுப்பிச் சரிசெய்தனர். மகிழுந்திற்கு அத்தகைய அவகாசம் வாய்க்காது. 2011இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 26262 என்னும் வாகனப் பாதுகாப்புத் தரநிலை, ஒரு மென்பொருட்கூறு மற்றொன்றின் நேரத்தைக் கவர்ந்துகொள்ளாதிருத்தலையும் கருதுகிறது.

இன்று ஒரே சில்லில் பல செயலகங்கள் அமைகின்றன. தனித்து இயங்கியபோது கணித்த நேரம், அண்டைச் செயலகமும் அதே நினைவகத்தை நாடும்போது நீண்டுவிடுகிறது. ஆதலின், ஏரிப்பாசனத்தில் முறைவைத்து நீர் பாய்ச்சுவதுபோல, எந்தச் செயலகம் எப்போது நினைவகத்தைத் தொடலாம் என நேரத்தைப் பங்கிட்டுத் தருவதும் உண்டு.