மோர் ஊற்றிய கை, முருகனை மறந்த மனம்

ஒரு தைப்பூசத்தன்று பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலில் இரவு முழுவதும் மோர் ஊற்றினேன். வரிசையை முந்திய பெரியவரிடம் எரிந்து விழுந்தேன். விடியற்காலையில்தான் உறைத்தது: 272 படி ஏறவும் இல்லை, முருகனை ஒருமுறை நினைக்கவும் இல்லை. ‘சேவைதானே வழிபாடு’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள அந்தக் கோபம் விடவில்லை.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரின் கையில் உழவாரப்படை, நாவில் தேவாரம். அவருடைய தமக்கை திலகவதியார் திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகினார். தம்பிக்காக அங்கேயே வேண்டியும் நின்றார். இருவரும் ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

மறுஆண்டு பந்தலுக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் கண்மூடி அமர்ந்தேன். ஒவ்வொரு குவளையை நீட்டும்போதும் மனத்துக்குள் ‘முருகா’ என்றேன். கைவலி அதேதான். ஆனால், வரிசையை முந்தியவருக்கும் சிரித்தபடி கொடுக்க முடிந்தது.

அடுத்த பூசத்துக்குத் தொண்டு செய்யப் போகிறீர்களா? அந்தப் பத்து நிமிடத்தை மறந்துவிடாதீர்கள்.