வந்து வந்து மறையும் பழுது

பட்டறைத் தொழிலில் ஈடுபட்டோர் ஓர் உண்மையை நன்கறிவர். முற்றிலும் நின்றுபோன யந்திரத்தைச் சீர் செய்வது எளிது. நின்றும் நிற்காமலும் ஓடும் யந்திரத்தைச் சீர் செய்வதே அரிது. நிலைத்த பழுது தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக் கொடுக்கும். வந்து வந்து மறையும் பழுதோ, வல்லுநர் வந்து நிற்கும் வேளையில் ஒளிந்துகொள்ளும். அவர் படியிறங்கியதும் மீண்டும் தலைகாட்டும். கணினிக்கும், அதன் ஆணைப்படி வெட்டும் சி.என்.சி. யந்திரத்துக்கும் இடையே தொடர்பு அடிக்கடி அறுந்துபோவது இவ்வகைப் பழுதாகும். பெங்களூரின் பீனியாவிலும், ராஜ்கோட்டிலும், லூதியானாவிலும், கோயம்புத்தூரிலும் இத்தகைய யந்திரங்களை நம்பிப் பிழைக்கும் சிறு பட்டறைகள் பல. ஆகவே இப்பழுதைத் தேடிப் பிடிக்கும் முறையை நாம் சற்று விரிவாக ஆராய்வோம்.

தொடர்பு அறும்போது நிகழ்வது யாது? மரப்பலகை செதுக்கும் சிறு யந்திரங்கள் பலவற்றில் ஜி.ஆர்.பி.எல். என்னும் கட்டுப்பாட்டு நிரல் இயங்குகிறது. கணினி முழு வேலையையும் ஒரே வீச்சில் அதனிடம் ஒப்படைப்பதில்லை. வரி வரியாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆர்டுவினோ யூனோ என்னும் சிறு மின்பலகையில் இந்நிரல் ஒரு நேரத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் எழுத்துக்கள் ஏறத்தாழ 128 மட்டுமே. குழந்தைக்குக் கவளம் கவளமாக ஊட்டுவது போன்றது இது. ஊட்டும் கை நின்றுவிட்டால், வாயிலிருந்ததை விழுங்கிய பின் யந்திரம் அசைவற்று நின்றுவிடும். ஆனால் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிற்காது. சுழலும் கட்டர் ஒரே இடத்தில் மரத்தைத் தேய்த்துக் கருக்கும். கவனிப்பார் இல்லையேல் தீப்பற்றவும் கூடும். மறுபடி தொடர்பை ஏற்படுத்தினாலோ, மின்பலகை பெரும்பாலும் புதிதாகத் துவங்கித் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். நான்கு மணி நேரம் செதுக்கிய தேக்குக் கதவு ஒரு நொடியில் விறகாகிவிடும். எனவே, தொடர்பு அறுந்தால் முதலில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி ஸ்பிண்டிலை நிறுத்த வேண்டும். கணினியைப் பார்ப்பது அதன் பிறகே.

பழுதைத் தேடுவோருக்கு முதல் கருவி திருகாணி முடுக்கியன்று, ஒரு குறிப்பேடு. தொடர்பு அறுந்த ஒவ்வொரு முறையும் நேரத்தையும், யந்திரம் நின்ற இடத்தையும், அப்போது பட்டறையில் வேறு எவை ஓடின என்பதையும் அதில் எழுதிவர வேண்டும். ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்ததும் பழுது தன் குணத்தைக் காட்டத் தொடங்கும்.

ஸ்பிண்டிலோ, தூசி உறிஞ்சும் யந்திரமோ, அடுத்த பட்டறையின் வெல்டிங்கோ தொடங்கும் தருணத்தில் தொடர்பு அறுமாயின், காரணம் மின் இரைச்சல் என ஐயுறலாம். யந்திரத்தின் கை ஒரு குறிப்பிட்ட மூலைக்குச் செல்லும்போது மட்டும் அறுமாயின், இழுபடும் கேபிளையோ, உள்ளே முறிந்த கம்பியையோ, தளர்ந்த கனெக்டரையோ சந்தேகிக்க வேண்டும். எவரும் கணினியைத் தொடாத வேளையில் அறுமாயின், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி தானே உறங்கிவிடுகிறதா, யு.எஸ்.பி. வாயிலை அணைத்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வமைப்பை நிறுத்தினாலே குறை தீரும். எப்போதும் நிரலின் ஒரே வரியில் நிற்குமாயின், கம்பியை விட்டு நிரலை ஆராய்வதே முறை.

இவற்றுள் மின் இரைச்சலே மிகுந்த தொல்லை தருவது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும்போது வானொலிப் பெட்டி கரகரப்பதை நேயர்கள் கேட்டிருப்பர். அதே தொல்லைதான் இங்கும். ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் டிரைவ், மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதனின்று எழும் துடிப்புகள் அருகில் செல்லும் மெல்லிய யு.எஸ்.பி. கம்பியில் தொற்றிக்கொள்கின்றன. வானொலி கரகரப்போடு பாடும். கணினியோ தொடர்பையே துண்டித்துவிடும்.

இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. கட்டரைக் கழற்றி, ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு, அதே வேலையை வெறுங்காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஸ்பிண்டிலைச் சுழலவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். முன்னதில் வராத பழுது பின்னதில் வந்தால் குற்றவாளி இன்னார் என்பது தெளிவு. மடிக்கணினியாயின் அதன் சார்ஜரைக் கழற்றி, பாட்டரியில் ஓட்டியும் பார்க்கலாம். அப்போது பழுது மறைந்தால், கணினியின் எர்த்துக்கும் யந்திரத்தின் எர்த்துக்கும் இடையே கேபிள் வழியாக வேண்டாத மின்னோட்டம் பாய்கிறது என்று ஊகிக்கலாம்.

இனிப் பரிகாரங்களைக் காண்போம். யு.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேற்படலாகாது. எவ்வளவு குட்டையோ அவ்வளவு நன்று. உலோகப் பின்னல் உறையும், நுனியில் ஃபெரைட் வளையமும் உடையதாக இருத்தல் வேண்டும். அதனை ஸ்பிண்டில் கேபிளோடு சேர்த்துக் கட்டலாகாது. குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்ய வேண்டும். ஸ்பிண்டில் கேபிளும் உறையிட்டதாயிருந்து, அவ்வுறை டிரைவின் எர்த்தில் இணைக்கப்பட வேண்டும். பழைய உலோக வேலை யந்திரங்களில் உள்ளது ஆர்.எஸ்.-232 தொடர்பு. 1960இல் தோன்றிய இம்முறையில் கேபிள் நீளம் சுமார் 15 மீட்டர் என்பது வழக்கமான வரம்பு. அங்கே இரு பக்கத்திலும் வேகம் முதலிய அமைப்புகள் ஒன்றாயிருக்கின்றனவா என்றும், 'நிறுத்து', 'அனுப்பு' என்று யந்திரம் சொல்லும் குறிப்புகளைக் கணினி மதிக்கிறதா என்றும் பார்ப்பது அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எர்த் வழியாகத் தொல்லை வருகிறதென்று அறிந்த சிலர், பிளக்கின் எர்த் கம்பியையே துண்டித்துவிடுகின்றனர். பழுதும் நின்றுவிடுகிறது, அதனால் தாம் செய்தது சரியென்றே நம்புகின்றனர். ஆனால் நம் நாட்டு மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டைவிட நீண்டும் தடித்தும் இருப்பது அழகுக்காக அன்று. மின்சாரம் சேரும் முன்பே பாதுகாப்பு சேர வேண்டும் என்பதற்காக. உள்ளே காப்புறை பழுதுபட்டு மின்சாரம் யந்திரத்தின் உடலில் ஏறினால், அது பாய்ந்தோட இருக்கும் வழி எர்த் ஒன்றே. அவ்வழியை அடைத்துவிட்டால், அடுத்து யந்திரத்தைத் தொடுபவரின் உடலே வழியாகிவிடும். ஒரு பலகை வீணாவதைத் தவிர்க்க ஓர் உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது. இதற்கெனவே யு.எஸ்.பி. ஐசொலேட்டர் என்னும் சிறு கருவி கிடைக்கிறது. கணினிக்கும் யந்திரத்துக்கும் இடையே மின் இணைப்பின்றிச் செய்தியை மட்டும் கடத்துவது அது. எர்த்தைத் தொடாமலே குறை நீங்குகிறது.

இறுதியாக ஒரு முறைமை. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். கேபிள், வாயில், அமைப்பு மூன்றையும் ஒருசேர மாற்றினால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது; மீண்டும் வந்தால் மீண்டும் இருட்டே. வந்து மறையும் பழுது ஒரு நாள் வராதிருந்தது என்பதற்காகத் தீர்ந்துவிட்டதாகவும் கொள்ளலாகாது. பழைய கேபிளை மறுபடி பூட்டிப் பார்க்க வேண்டும். பழுது திரும்பி வந்து, புதிய கேபிளால் மீண்டும் நீங்கினால் மட்டுமே காரணம் கண்டுவிட்டோம் எனலாம்.

யந்திரம் நின்றவுடன் அதன் அருகில் நிற்கும் தொழிலாளியைக் குறை கூறுவது பட்டறைகளில் எளிதில் நேர்ந்துவிடுகிறது. குறிப்பேடு இல்லாத இடத்தில் அவருக்காகச் சான்று சொல்வார் எவருமிலர். நாளும் யந்திரத்தோடு நிற்கும் அவரிடமே அக்குறிப்பேட்டையும் பென்சிலையும் ஒப்படைத்தால், பழியும் ஒழியும், பழுதும் பிடிபடும்.