வாடகைத் தூண்டில் படகின் கேப்டன்

மீன்பிடிப் படகு என்றாலே நமக்கு வலையும் ஏலமும்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்து டெஸ்டின் ஊரில் வேறு ஒரு தொழிலும் உண்டு. கேப்டன் தம் படகை நாள் வாடகைக்கு ஓட்டுவார். தூண்டில் பிடிப்பவர் வந்த விருந்தாளி. கட்டணம் தரும் ஆறு பேர் வரை ஏற்ற, கடலோரக் காவல் படையின் உரிமம் வேண்டும். அதற்கு 360 நாள் படகு அனுபவம் காட்டணும்.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்து, பெரும்பரப்பில் மீன்பிடிக்கத் தடை வந்தது. பலருக்கு அந்தக் கோடை வருமானமே போச்சு.

அப்படி நொந்திருந்தாலும், வானம் கறுத்தால் படகைத் திருப்ப வேண்டியவர் கேப்டன்தான். அன்றைய வாடகை போகும். மீன் கிடைக்காத நாளை வாடிக்கையாளர் மறந்துவிடுவார். ஆறு உயிரைப் பணயம் வைத்தவரை மன்னிப்பாரா? கடை நடத்தும் நமக்கும் இதுதானே கணக்கு!