உழைத்த தசை தேறும் வகை

உழைப்பினால் உடல் வளரும் என்பர் பலர். உண்மையில், உழைக்குங்கால் தசை தேய்வுறுகின்றது. அது வலிமை பெறுவது உழைப்பின் பின் வரும் ஓய்விலேயாம். ஆதலின், கடினமாய் உழைத்த தசை எவ்வாறு தேறுகின்றது என்பதை அறிதல், விளையாட்டுக்களத்து மாணவர்க்கும் உடலுழைப்பையே வாழ்வாகக் கொண்டார்க்கும் ஒருங்கே பயன்படும்.

தூத்துக்குடி நகரின் வடபால் உள்ளது திரேஸ்புரம். கொற்கை முத்தின் புகழைச் சங்கநூல் பயில்வார் அறிவர். இக்கடலில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துக்குளிப்பே இறுதியானது. ஆயினும் சங்கு குளிக்குந் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. முன்னோர் கல்லின் பளுவால் மூழ்கி, மூச்சடக்கிச் சிறுபொழுதே கடலடியில் தங்கினர். இக்காலத்தாருட் பலர், படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய்வழி வருங் காற்றைச் சுவாசித்து, நெடும்பொழுது ஆழத்தில் உழைக்கின்றனர்.

அங்கே ஒருநாள் மாலை, கரையேறிய ஒருவர் தம் தோளைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்க, அவர் தம்பி எண்ணெய் தேய்த்துவிடக் கண்டோம். "வேலை அசதிதான் தம்பி, படுத்தெழுந்தாற் சரியாய்விடும்" என்றார் அவர். அச்சொல் முழுதும் மெய்தானா? முதற்கண் உழைப்பின் வலியை ஆராய்ந்து, பின் அவரிடம் மீள்வோம்.

ஆட்டத்தின் மறுநாள் மாடிப்படி இறங்க இயலாது கால் கடுக்குங்கால், லாக்டிக் அமிலம் தசையில் தங்கிவிட்டதென்று நம்மனோர் கூறுவர். கடுமையாய் உழைக்கும் தசையில் அவ்வமிலம் மிகுவது மெய்யே. அதனையும் தசையின் வெப்பத்தையும் ஆராய்ந்த மையர்ஹோஃப், ஹில் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசைப் பெற்றனர். ஆனால், அவ்வாறு மிகுந்தது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நீங்கி, இதயத்திற்கும் பிற தசைகளுக்கும் எரிபொருளாய்விடும். மறுநாள் வலிக்குக் காரணம் வேறு. பழகாத உழைப்பில், நீண்டுகொண்டே பளுவைத் தாங்கும் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. மேடேறுதலினும் பள்ளமிறங்குதல் மிகுந்த வலி தருவது இதனாலேயாம். சிதைந்த இடத்தைச் சீர்செய்யும் பணியில் வீக்கமும் நோவும் தோன்றி, 1 நாள் முதல் 3 நாள் வரை மிகுந்து, பின்னர்த் தாமே தணியும். அடுத்த முறை அதே உழைப்பு அத்துணை வருத்தாது.

இப்பணிக்கு நாம் செய்யத்தக்க துணை யாது? முதலாவது உறக்கம். ஆழ்ந்த உறக்கத்திலேதான் வளர்ச்சிக்குரிய சுரப்பு மிகுதியாய் வெளிப்படுகின்றது. இரவெல்லாம் விழித்துப் பகலில் உரங்கொள்ள விழைவார், வித்திடாது விளைவு நோக்குவாரை ஒப்பர். இரண்டாவது உணவு. சோறும் கருப்பட்டியும் போன்றவை தசையிற் குறைந்த மாச்சத்தைக் கூட்டும்; அது முற்றும் நிரம்ப ஒரு நாளளவு ஆகும். சிதைந்த இழையைச் செப்பனிடப் புரதம் வேண்டும். ஒருவேளைக்கு 20 கிராம் புரதம் சாலும். அது ஏறத்தாழ 100 கிராம் மீனிலோ 3 முட்டையிலோ அடங்கும். கடற்கரையார்க்கு இதனினும் எளிய மருந்து யாதுளது? மூன்றாவது நீர். வியர்வையோடு நீரும் உப்பும் ஒருங்கே போதலின், உப்பிட்ட நீராகாரம் பருகும் நம் பழவழக்கம் அறிவுக்கு ஒத்ததே.

இவற்றின் பின்னரே ஏனைய முறைகள். மெல்ல நடத்தல் இறுக்கத்தைச் சிறிதுபொழுது தளர்த்தும். பிடித்துவிடுதல் நோவைச் சற்றே குறைக்கும். சிதைவை விரைந்து ஆற்றும் என்பதற்கில்லை. 10 முதல் 15 பாகை வெப்பமுள்ள குளிர்நீரில் 10 நிமிடம் அமிழ்தலும் நோவைத் தணிக்கும். ஆயினும் பளுத்தூக்கிப் பயில்வார் பயிற்சிதோறும் அதன்பின் இதனைச் செய்யின், தசைவளர்ச்சி குன்றுமென 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. உடலை நீட்டி முறுக்குதலால் மறுநாள் வலி குறைதல் மிகச் சிறிதே. அளவிறந்த உழைப்பின் பின் தசை மிக வீங்கிச் சிறுநீர் கருஞ்சிவப்பாகுமாயின், அஃது அசதியன்று. சிறுநீரகத்திற்குக் கேடு சூழ்வதாம். அப்போது மருத்துவமனைக்குச் செல்லுதலே தக்கது.

இனித் திரேஸ்புரத்துத் தோள்வலிக்கு மீள்வோம். கடலில் 10 மீட்டர் ஆழம் செல்லுந்தோறும், நம்மைச் சூழ்ந்த காற்று நிலத்தில் அழுத்தும் அளவு அழுத்தம் கூடுகின்றது. அவ்வழுத்தத்திற் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் உடலிற் கரைகின்றது. நெடும்பொழுது தங்கியவர் விரைந்து மேலெழின், சோடாப்புட்டியைத் திறந்தாற்போல அவ்வாயு குமிழிகளாகி மூட்டிலும் நரம்பிலும் துன்பம் விளைக்கும். படிப்படியாய் நின்று நின்று மேலேறும் முறையை ஹால்டேன் என்னும் அறிஞர் குழுவினர் 1908-இலேயே வெளியிட்டனர்.

இவ்விரு வலிகளையும் பகுத்தறிதல் வேண்டும். தசையசதி பெரும்பாலும் மறுநாளே முதிரும். தொட்டாலும் அசைத்தாலும் மிகும். ஆழம் தந்த வலியோ பெரும்பாலும் கரையேறிய சில மணி நேரத்துள் தோளிலோ முழங்கையிலோ முழங்காலிலோ தோன்றும். தொடுதலால் மிகுதல் அரிது. மரமரப்பு, தலைச்சுற்று, கால் தளர்ச்சி, சிறுநீர் இறங்காமை இவற்றுள் ஒன்று உடன்வரின் ஐயமே வேண்டா. எண்ணெயும் வெந்நீரும் இந்நோயைத் தீர்க்கா, மருத்துவத்தைத் தாமதப்படுத்துவனவே. அவரைப் படுக்கவைத்துத் தூய பிராணவாயு அளித்து, அழுத்த அறையுள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லுதல் வேண்டும். மீண்டும் அழுத்தத்திற்குட்படுத்தி மெல்ல விடுவிப்பதே இதற்குரிய மருத்துவம். காலம் தாழ்ப்பின், நடக்குங் கால்கள் நிலையாகவே தளர்தலும் கூடும்.

அப்பெரியவரின் வலி எவ்வகையது என்று யாம் அறியோம். அவர்க்கு அது அசதியாகவே இருந்திருக்கலாம். ஆயின், "அசதிதான்" என்னும் அவ்வொரு சொல் கடற்கரையில் எளிதிற் பிறக்கின்றது என்பதை அறிவோம். உழைப்பின் வலியை ஓய்விடம் ஒப்படைப்போம்; ஓய்வு தீர்க்கமாட்டாத வலியை மருத்துவரிடம் ஒப்படைப்போம். இவ்விரண்டையும் பகுத்தறியும் அறிவைக் கற்றார் கடற்கரைக்குக் கொண்டுசெல்வாராயின், கல்வியின் பயன் அதனினும் வேறில்லை.