வீட்டுக் கூடத்தில் ஒரு சின்னக் கணினி



வேலை முடிந்து, குளித்து, ஒரு குவளை தேநீருடன் கூடத்தில் அமர்ந்ததும் நம் கண்கள் எங்கே போகின்றன? தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கம்தான். 1963 டிசம்பர் 28ஆம் நாள் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. அது தோட்டப்புறத்துக்கு வந்து சேரச் சில காலம் பிடித்தது. பெட்டி இருந்த ஒரு வீட்டு வாசலில் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடியதும், தோட்டத்து மின்னாக்கி நிறுத்தப்பட்டதும் பாதிப் படத்தோடு எழுந்து போனதும் கோலா பிலா வட்டாரத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

இன்று அதே தொலைக்காட்சியைக் கணினியாகவும் பயன்படுத்த முடியும். எப்படி என்பதைத்தான் நாம் இன்று பார்க்கப் போகிறோம்.

கணினிக்கு முக்கியமாக நான்கு உறுப்புகள் உண்டு. எழுத்துகளைத் தட்டும் விசைப்பலகை, கணக்கிடும் மூளையாகிய செயலி, செய்திகளைத் தாங்கும் நினைவகம், விடையைக் காட்டும் திரை ஆகியவையே அவை. இவற்றுள் இடத்தை அடைப்பது திரை. அந்தத் திரையோ நம் கூடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் மற்ற மூன்றையும் வாங்கி அதனோடு இணைத்தால் போதாதா?

இது புதிய யோசனை அன்று. 1982இல் பிரிட்டனில் சின்கிளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. விசைப்பலகையே அதன் உடல். ஏரியல் கம்பி செருகும் துளை வழியாகச் சாதாரணத் தொலைக்காட்சியோடு அதை இணைத்தார்கள். விளையாட்டுகளைப் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவிலிருந்து ஏற்றினார்கள். ஒரு விளையாட்டு ஏறுவதற்குள் சில நிமிடங்கள் ஓடிவிடும்! அதன் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட்டுதான்.

2012இல் அதே பிரிட்டனில் ராஸ்பெரி பை வந்தது. வங்கி அட்டை அளவே உள்ள பலகை. வெளிவந்தபோது அதன் விலை 35 அமெரிக்க டாலர். பிள்ளைகள் கணினி கற்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். 2020 நவம்பரில் அதையே ஒரு விசைப்பலகைக்குள் அடக்கி ராஸ்பெரி பை 400 என்று வெளியிட்டார்கள். அதன் நினைவகம் 4 கிகாபைட்டு. பழைய 48 கிலோபைட்டைப்போல் எண்பதாயிரம் மடங்குக்கும் மேல்!

இதனால் நம் வீட்டுக்கு என்ன பயன்? கோடி என்னும் இலவச மென்பொருளை இதில் ஏற்றினால், நாம் சேர்த்துவைத்த பாடல்களையும் கல்யாணப் படங்களையும் குடும்பத்தோடு பெரிய திரையில் பார்க்கலாம். அதன் பிறகு பிள்ளைகள் அதே கணினியில் பாடம் எழுதலாம். தமிழிலும் எழுதலாம். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் 1985 முதலே தமிழைக் கணினியில் ஏற்றிவருகிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நடந்ததை மறக்க முடியுமா? வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியைப் பெற்றோரும் இரண்டு மூன்று பிள்ளைகளும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். கூடத்தில் பெரிய திரை சும்மா இருந்தது. அதைப் பயன்படுத்தும் வழி நமக்குத் தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்கு எத்தனை உதவியாக இருந்திருக்கும்!

ஆனால், நேயர்களே, பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு உண்டு. மைஃப்ரீவியூ பெட்டி ஒளிபரப்பை வாங்கிக் காட்டும் கருவி. அது கணினி அன்று. பசார் மாலாமில், "ஒருமுறை வாங்கினால் போதும், எல்லாப் படமும் இலவசம்" என்று விற்கும் பெட்டியைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். 2022 மார்ச் 18 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான கருவிகளை விற்போருக்கு 10,000 முதல் 2,00,000 வெள்ளி வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாங்குகிறவருக்கும் ஆபத்து உண்டு. சில மலிவுப் பெட்டிகளில் விற்பனைக்கு முன்பே தீய நிரல்கள் புகுத்தப்பட்டிருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. வங்கிக் கணக்குப் பார்க்கும் வீட்டில் அத்தகைய பெட்டி எதற்கு?

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, தொலைக்காட்சியின் பின்புறம் எச்டிஎம்ஐ என்னும் தட்டையான துளை இருக்கிறதா? பழைய பெட்டியானால் தனி இணைப்பான் வேண்டியிருக்கும். இரண்டாவது, கருவியில் சிரிம் முத்திரை இருக்கிறதா? மூன்றாவது, பலகையின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மின்னூட்டி, நினைவட்டை, கம்பி எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று கேளுங்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கும் பணம் வைத்திருக்க வேண்டுமல்லவா?

வாங்கிய பிறகு அது கூடத்திலேயே இருக்கட்டும். பிள்ளை என்ன பார்க்கிறான், என்ன படிக்கிறான் என்பது தாய் தந்தையர் கண்ணில் படும். பாட்டுக்கு ஒரு நேரம், பாடத்துக்கு ஒரு நேரம் என்று வகுத்துக்கொண்டால் அந்தச் சின்னக் கணினி குடும்பம் முழுவதுக்கும் உதவும்.